கேள்வி – பதில்: கிபிரை விற்க யார் சம்மதிக்க வேண்டும்?

ஆயுத வியாபாரம் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். கொள்வனவு, ஏற்றுமதிச் சட்டம், மிதிவெடி அகற்றல் ஆகியவற்றைத் தொழிலாக அறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கிபிர் இஸ்ரேல் செய்த போர் விமானம்தானே. இலங்கைக்கு அதை விற்றதில் அமெரிக்காவுக்கும் பங்குண்டு என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். சரியா?
*வாசகர், சுன்னாகம்*

சட்டப்படி பார்த்தால் சரி. கிபிரைக் கட்டியது இஸ்ரேல். அதன் வடிவம் பிரான்ஸிலிருந்து வந்தது, இயந்திரம் அமெரிக்காவிலிருந்து வந்தது.

1967 யுத்தத்தோடு பிரான்ஸ் ஜனாதிபதி டு கோல் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை போட்டார். இஸ்ரேல் ஏற்கெனவே காசு கட்டியிருந்த 50 மிராஜ்-5 விமானங்கள் பிரான்ஸை விட்டு நகரவில்லை. பிறகு இஸ்ரேலியர்கள் மிராஜின் வடிவத்தைத் தாங்களே கட்டி, அதற்குள் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ஜே-79 இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அமெரிக்க ஃபாண்டம் விமானத்தில் இருந்த இயந்திரம் அது. பழைய பிரெஞ்சு இயந்திரத்தைவிடக் குட்டை, பருமன் கூட, சூடும் கூட. அதனால் விமானத்தின் பின்னுடலை அகலமாக்கிக் கட்டையாக்க வேண்டி வந்தது. குளிர்காற்று எடுக்க வால் செட்டையின் அடியில் ஒரு துவாரமும் வைத்தார்கள். கிபிரின் படத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் அது தெரியும்.

அந்த இயந்திரத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. அமெரிக்காவிடம் வாங்கிய இராணுவப் பொருளை, அல்லது அது பொருத்தப்பட்ட பொருளை, வொஷிங்டனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மூன்றாவது நாட்டுக்குக் கைமாற்ற முடியாது. லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியின் புத்தகம் கம்பனியிடமே இருப்பது போலத்தான் இதுவும். 1977இல் இஸ்ரேல் 24 கிபிர்களை எக்குவடோருக்கு விற்கப் பேசி முடித்தது. கார்ட்டர் நிர்வாகம் இயந்திரத்தைக் காட்டி மறித்தது. ரேகன் வந்தபின் 1981இல் சம்மதம் கிடைத்தது. எக்குவடோருக்குப் போய்ச் சேர்ந்தவை 12. முதல் கிபிர்கள் 1996இல் இலங்கைக்கு வந்தபோதும் அதே இயந்திரம், அதே சட்டம். ஆகவே “இஸ்ரேல் விற்றது” என்பது பாதி விபரம்.

இந்தப் பிடி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. 2020இல் தென்கொரியா எஃப்ஏ-50 விமானங்களை ஆர்ஜென்டினாவுக்கு விற்க முயன்று கைவிட்டது. விமானம் கொரியாவுடையதுதான். ஆனால் உள்ளே பிரித்தானிய பாகங்கள் இருந்தன, ஃபோக்லாந்து யுத்தத்துக்குப் பிறகு பிரித்தானியா அந்த நாட்டுக்கு அவற்றைக் கொடுப்பதில்லை. ஒரு நாட்டின் ஆயுதச் சுதந்திரத்தை அறிய விரும்புகிறவர் அணிவகுப்பைப் பார்த்துப் பயனில்லை, பாகங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். வாங்கிய பிறகும் இதே கதைதான். 2021இல் இலங்கை ஐந்து கிபிர்களைத் திருத்திப் புதுப்பிக்க, அவற்றைக் கட்டிய இஸ்ரேலியக் கம்பனியோடே 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டது. முதல் விமானம் வந்து 25 வருடங்கள் ஆகியிருந்தன. வேறு கம்பனியிடம் போக வழி கிடையாது.

ஒரு நாடு ஆயுதம் வாங்குவது படிப்படியாக எப்படி நடக்கிறது?
*உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, கொடிகாமம்*

நாட்டுக்கு நாடு வித்தியாசம். நடைமுறை அதிகம் வெளியில் தெரிவது அமெரிக்காவில் என்பதால் அதையே சொல்கிறோம். அங்கே இரண்டு பாதைகள் உண்டு. ஒன்றில் வாங்கும் நாடு கம்பனியோடு நேரே பேசும், கம்பனி வெளிவிவகாரத் திணைக்களத்திடம் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் எடுக்கும். மற்றது அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. வாங்கும் நாடு கோரிக்கைக் கடிதம் கொடுக்கும். பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், விலையும் நிபந்தனையும் எழுதிய கடிதத்தைத் தயாரிக்கும். குறித்த தொகைக்கு மேற்பட்டால் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும்: பெரிய தளபாடம் என்றால் 14 மில்லியன் டொலர், மொத்தப் பொதி என்றால் 50 மில்லியன். நேட்டோ நாடுகளுக்கும் இஸ்ரேல், ஜப்பான் போன்ற சிலவற்றுக்கும் வரம்பு 25 மில்லியன், 100 மில்லியன். அறிவித்த பின் 30 நாள் பொறுக்க வேண்டும், நெருங்கிய நாடுகளுக்கு 15 நாள். பிறகு இரு தரப்பும் ஒப்பமிட்டு முற்பணம் கட்டப்படும். கம்பனியிடம் வாங்குவது பென்டகன், அதற்கு நிர்வாகக் கட்டணம் 3.2 வீதம்.

அந்த 30 நாளில் காங்கிரஸ் மறிக்கலாம் என்பது சட்டம். மறிப்புத் தீர்மானத்தால் இதுவரை ஒரு விற்பனையும் நின்றதில்லை என்பது நடைமுறை. 2019இல் சவூதிக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் போகவிருந்த ஆயுதங்களை எதிர்த்து மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. மூன்றையும் ட்ரம்ப் வீட்டோ செய்தார்.

வாங்குபவர்கள் வழமையாகச் சறுக்குவது விமானத்தின் விலையை மட்டும் பார்ப்பதில்தான். விமானியைப் பழக்குவது, குண்டு, உதிரிப்பாகம், தரை உபகரணம், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் வேலை எல்லாம் வேறு கணக்கு. அவற்றை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதாத நாடு இரண்டாம் ஒப்பந்தத்தில் பேரம் பேச முடியாது.

இன்னொரு கடதாசியும் உண்டு, இறுதிப் பயனர் சான்றிதழ். பாதுகாப்பு அமைச்சின் கடிதத் தலைப்பில் ஒரு தாள்: என்ன பொருள், எத்தனை, யாருக்கு, வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்ற உறுதி, ஒப்பம், முத்திரை. உலக ஆயுத வியாபாரத்தின் ஒழுங்கு பெருமளவு இந்தத் தாளில்தான் தொங்குகிறது. எங்கள் பக்கத்து உதாரணம் 1997இல் நடந்தது. இலங்கை இராணுவத்துக்கென்று சிம்பாப்வேயின் அரச ஆயுதக் கம்பனி செய்த 81 மில்லிமீற்றர் மோட்டார் எறிகணைகள், 30,000க்கு மேல், மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் கப்பலேறிப் புலிகளின் கைக்குப் போயின. வாங்குபவர் உண்மையான அரசு, செய்தவர் உண்மையான அரச கம்பனி. நடுவில் இருந்த தரகரையும் கப்பலையும்தான் எவரும் சரிபார்க்கவில்லை.

அரை அங்குலப் பின் ஒன்றுக்கு அமெரிக்க இராணுவம் 4,361 டொலர் கொடுத்தது என்று வாசித்தேன். எழுத்துப் பிழையா?
*வாகனத் திருத்துநர், மருதனார்மடம்*

பிழையில்லை. 2019இல் பென்டகனின் உள்ளகக் கண்காணிப்பாளர் வெளியிட்ட அறிக்கையில் உள்ளது. நியாய விலை 46 டொலர் என்று அதே அறிக்கை சொல்கிறது. விற்றது ட்ரான்ஸ்டைம் என்ற விமானப் பாகக் கம்பனி. சோதித்த 47 பாகங்களில் 46இல் மிகை இலாபம் இருந்தது. கம்பனி பிறகு 16.1 மில்லியன் டொலரைத் திருப்பிக் கட்டியது.

இதில் இலஞ்சம் தேவைப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பாகத்தைச் செய்பவர் ஒருவரே. வரைபட உரிமையும் அவரிடமே. கம்பனி தன் உற்பத்திச் செலவைச் சான்றுப்படுத்திக் காட்ட வேண்டிய வரம்பு அப்போது ஒப்பந்தத்துக்கு 750,000 டொலர். சின்னச் சின்னக் கட்டளைகள் அதற்குக் கீழே போய்விடும். விமானமோ அந்தப் பின் இல்லாமல் எழும்பாது, ஆகவே கொள்வனவு அதிகாரி கேட்ட காசைக் கொடுக்கிறார். பிறகு 2018இல் அந்த வரம்பை 2 மில்லியனாகக் கூட்டினார்கள் என்பது வேடிக்கை.

அதிகாரிக்கும் கம்பனிக்கும் இடையில் வாசல் திறந்தே கிடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் மட்டும் 14 பெரிய ஆயுதக் கம்பனிகளில், பென்டகனில் உயர் பதவியிலோ கொள்வனவுப் பொறுப்பிலோ இருந்த 1,718 பேர் வேலை பார்த்தார்கள். இது அமெரிக்க அரச கணக்காய்வு அலுவலகத்தின் எண்ணிக்கை.

ஊழல் எல்லா வியாபாரத்திலும் உண்டு. ஆயுதத்தில் மட்டும் ஏன் இவ்வளவு?
*வாசகர், வல்வெட்டித்துறை*

சீமெந்துப் பக்கற் என்ன விலை என்று நாலு கடையில் கேட்கலாம். போர் விமானத்துக்குச் சந்தை விலை கிடையாது. கட்டளைகள் குறைவு, ஒவ்வொன்றும் பென்னம்பெரிது, முடிவெடுப்பவர்கள் ஏழெட்டுப் பேர், கேள்வி கேட்டால் “தேசிய பாதுகாப்பு” என்று வாயடைக்கலாம். இவை நாலும் ஒன்றாகக் கூடும் வியாபாரம் வேறில்லை.

போபர்ஸ் என்ற சுவீடன் பீரங்கிக் கம்பனியின் விவகாரம் எல்லோரும் அறிந்தது. 1986 மார்ச்சில் இந்தியா 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது, 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி தரகுப்பண விவகாரத்தை வெளிக்கொண்டுவந்தது. அதே பீரங்கிதான் 1999இல் கார்கில் யுத்தத்தில் நன்றாக வேலை செய்தது. இலஞ்சம் புரண்டால் பொருள் உதவாது என்று நினைப்பது பிழை. நல்ல பொருளுக்கும் இலஞ்சம் கொடுப்பார்கள், ஏனென்றால் எதிரே நிற்கும் கம்பனியின் பொருளும் நல்லதுதான்.

ஜப்பானில், அமெரிக்க விமானக் கம்பனியான லொக்ஹீட்டின் இலஞ்ச விவகாரத்தில் முன்னாள் பிரதமர் தனகா 1976இல் கைதானார். அதன் சூட்டோடுதான் அமெரிக்கா 1977இல் வெளிநாட்டில் இலஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. பிரித்தானியா 2006 டிசம்பரில் வேறு வழி எடுத்தது. பிஏஇ என்ற பிரித்தானிய ஆயுதக் கம்பனியின் சவூதி விற்பனை பற்றிய ஊழல் விசாரணையை, தேசிய பாதுகாப்பைச் சொல்லி இடைநடுவில் நிறுத்தியது. பின்னர் 2010இல் அதே கம்பனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. எங்கள் நாட்டில் 2006 மிக்-27 போர் விமானக் கொள்வனவு. உக்ரைனின் அரச நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் என்று சொல்லப்பட்டது, பணம் வேறொரு பெயரளவுக் கம்பனிக்குப் போனது என்பது குற்றச்சாட்டு.

ஒப்பந்தச் செய்தி எதையும் வாசிக்கும்போது இதைப் பாருங்கள்: ஒப்பமிட்டவரும் பணம் பெறுபவரும் ஒருவர்தானா, வங்கி எந்த நாட்டில், தரகர் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா. ஈட்டு முதலீடு என்று ஒன்று பக்கத்தில் ஒட்டியிருந்தால் இன்னும் கவனம். விற்பவர் வாங்கும் நாட்டில் இவ்வளவு முதலிடுவார் என்ற வாக்குறுதி அது, தரகுப்பணம் ஒளிக்க வசதியான இடம்.

அதிகம் விற்பது யார்?
*வாசகி, கரவெட்டி*

2020–24 காலத்தில் உலக ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 43 வீதம். அடுத்து பிரான்ஸ் 9.6, ரஷ்யா 7.8. ரஷ்யாதான் முன்பு இரண்டாவது. உக்ரைனில் தான் நடத்தும் யுத்தத்துக்கே ஆயுதம் தேவைப்பட்டதால் பின்னுக்குப் போனது.

முகமாலையில் எடுக்கும் மிதிவெடிகள் எங்கே செய்தவை? செய்தவர்கள் துப்புரவுக்குக் காசு தருகிறார்களா?
*வாசகர், பளை*

இராணுவம் புதைத்தவற்றில் பாகிஸ்தானின் பி-4, சீனாவின் டைப்-72 இரண்டும் முக்கியமானவை. புலிகள் தாங்களே செய்தவை ஜொனி என்னும் மரப்பெட்டி மிதிவெடியும், பி-4ஐப் பார்த்துச் செய்த ரங்கன்-99உம். பி-4இன் உடம்பு பிளாஸ்ரிக், உலோகம் மிகச் சிறிதளவே. உலோகமறி கருவியின் உணர்வைக் கூட்டி வைத்தால்தான் பிடிக்கும். கூட்டி வைத்தாலோ முகமாலை மண்ணில் கிடக்கும் ஷெல் துண்டு, சன்னக்கோது எல்லாவற்றுக்கும் கத்தும். அதனால்தான் பல இடங்களில் கருவியை வைத்துவிட்டு, முன்னே ஒரு பள்ளம் எடுத்து, பாரமில்லாத விறாண்டியால் மண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இறக்குகிறார்கள். மேலிருந்து அழுத்தம் விழக்கூடாது, மிதிவெடி வெடிப்பது மேலழுத்தத்தில்தான். தென்னை, பனை வேர் ஓடிய நிலத்தில் இன்னும் சுணங்கும்.

காசு தருவது கொடையாளி நாடுகள். செய்தவர்களிடம் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. பாகிஸ்தானும் சீனாவும் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இல்லை. அவை அதில் இருந்திருந்தாலும் பயனில்லை, துப்புரவுப் பொறுப்பை அந்த உடன்படிக்கை நிலத்துக்குரிய நாட்டின் மேல்தான் போடுகிறது. இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, முடிக்க வேண்டிய திகதி 2028 ஜூன் 1.

இந்த விபரங்களை நாங்களே பார்க்க வழி உண்டா?
*இளைப்பாறிய ஆசிரியர், நல்லூர்*

உண்டு, காசும் வேண்டாம். ஸ்ரொக்ஹோமில் 1966இலிருந்து இயங்கும் சிப்ரி என்ற சமாதான ஆய்வு நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்றத் தரவுத்தளம் இணையத்தில் திறந்திருக்கிறது. வாங்கும் நாடு என்ற இடத்தில் இலங்கையைப் போட்டு ஆண்டுகளைக் கொடுங்கள். எத்தனை, எந்த வகை, எப்போது கட்டளை, எப்போது வந்தது, பழையதா புதியதா என்று வரிவரியாக வரும். இரண்டு விடயத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, அங்கே பெறுமதி என்று வரும் எண் டொலர் அல்ல. ஆயுதத்தின் இராணுவத் திறனை அளக்க அவர்கள் வைத்திருக்கும் தனி அலகு அது. அதைக் கொடுத்த விலை என்று எழுதும் கட்டுரைகள் தமிழிலும் உண்டு. இரண்டாவது, துவக்கு போன்ற சிறு ஆயுதங்கள் அதில் சேராது. தேடிக் கிடைக்காவிட்டால் வாங்கவில்லை என்று பொருளல்ல.

உள்நாட்டுச் செலவுக்கு வரவுசெலவுத் திட்ட மதிப்பீடுகளைப் பாருங்கள். தரைப்படை 222, கடற்படை 223, விமானப்படை 224 என்ற தலைப்பு இலக்கங்களில் இருக்கும். மீண்டெழும் செலவையும் மூலதனச் செலவையும் தனித்தனியே எடுங்கள். முதலாவதில் பெரும்பங்கு சம்பளம். விமானம், கப்பல், அவற்றின் பெரும் திருத்த வேலை எல்லாம் இரண்டாவதில் வரும். மதிப்பீட்டோடு நிறுத்தாமல் இரண்டு வருடம் கழித்து வரும் மெய்ச் செலவு நிரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் மேலதிகப் பணம் ஒதுக்கும் குறைநிரப்பு மதிப்பீடு வந்த வருடங்களில் இரண்டும் பொருந்தாது.