பக்கத்து நாற்காலி அக்காவிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம் மேடம்,

எனக்கு 33 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எட்டு வருஷமாக வேலை. ஹார்பருக்கு வரும் சரக்குகளுக்கு கஸ்டம்ஸில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிப் படிவம்) போடுவதுதான் எங்கள் வேலை. ஒரு சின்ன அறையில் ஐந்து பேர். போன சித்திரையில் ஸ்பிளிட் ஏசி போட்டார்கள். அதிலிருந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

என் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் ஓர் அக்கா. 47 வயது, காசிமேட்டிலிருந்து வருகிறார். ஒன்றும் தெரியாமல் வந்து நின்ற எனக்கு சுங்க வரி (டூட்டி) கணக்குப் போடுவதிலிருந்து கஸ்டம்ஸ் ஆபீசரிடம் எப்படிப் பேசுவது என்பது வரை சொல்லிக்கொடுத்தவர். என் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து கூட நின்றவர்.

ஏழெட்டு மாதமாக அவரிடமிருந்து வாடை வருகிறது. முதலில் வியர்வை என்று நினைத்தேன். சில நாட்கள் அது வியர்வை மாதிரி இல்லை. எழுதவே கூசுகிறது, மூத்திர வாடை மாதிரி இருக்கிறது. மதியத்துக்கு மேல் எனக்குத் தலை வலிக்கிறது, சாப்பிட்டது குமட்டுகிறது. ஃபைல் எடுக்கப் போவது போல எழுந்து எழுந்து வெளியே போகிறேன். நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இப்போது எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரலாம்.

முன்பெல்லாம் கஞ்சி போட்ட காட்டன் புடவையும் தலையில் மல்லியுமாக வருவார். இப்போது இரண்டு மூன்று பாலியஸ்டர் புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டுகிறார். மதியம் எங்களோடு சாப்பிட வருவதில்லை, மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறார். கொண்டுவரும் தண்ணீர் பாட்டில்கூடத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

அறையில் ஒருவர், "காசிமேட்டுக்காரங்கன்னா அப்படித்தான், மீன் வாடை எங்க போகும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் அதே பக்கத்துப் பெண்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் அக்கா வருவதற்கு முன்னால் அவர் மேஜையில் ஒரு பாடி ஸ்ப்ரே பாட்டிலை வைத்துவிட்டார்கள். அக்கா வந்து பார்த்துவிட்டு, "யாருதுமா இது, மறந்து வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேனேஜரிடம் சொல்லி வேறு இடம் கேட்கலாமா? அக்காவிடமே சொன்னால் எட்டு வருஷப் பழக்கம் அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. "உனக்கெதுக்கு வம்பு, விட்டுடு" என்கிறார் என் கணவர். சிரித்ததற்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை


அன்புள்ள சகோதரிக்கு,

அக்காவிடம் சொல்லுங்கள். நீங்களே சொல்லுங்கள், இந்த வாரத்திலேயே சொல்லுங்கள். எப்படி என்பதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

மல்லி நின்றுபோனது, கஞ்சி போட்ட புடவை நின்றுபோனது, சாப்பாட்டுக்கு வராதது, பகலில் தூங்குவது, திறக்காத தண்ணீர் பாட்டில். இவற்றை வாடைக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இவைதான் முதல் செய்தி, வாடை அதற்கப்புறம். ஏழு வருஷம் பளிச்சென்று வந்த ஒரு பெண் எட்டு மாதத்தில் இப்படி மாறினால், அதைச் சோம்பேறித்தனம் என்று என்னால் நினைக்க முடியாது. அவருக்கு ஏதோ நடந்திருக்கிறது, அல்லது நடந்துகொண்டிருக்கிறது.

என்ன என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். இருமினால், தும்மினால், கனமானதைத் தூக்கினால் சிறுநீர் கொஞ்சம் கசிவது பிள்ளை பெற்ற பெண்களிடம் சகஜம். மாதவிடாய் நிற்கும் வயதில் இது கூடவும் செய்யும். வெட்கத்தில் டாக்டரிடம் போகாமல், தண்ணீரைக் குறைத்தே பல வருஷம் சமாளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குறையக் குறையச் சிறுநீர் அடர்த்தியாகி வாடை அதிகமாகும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதே வயதில் திடீர் திடீரென உடம்பு தீயாய்க் கொதித்து வியர்க்கும், இரவில் தூக்கம் கெடும், பகலில் கண் சொருகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் தோல் மடிப்புகளில் பூஞ்சைத் தொற்று வந்து வாடை அடிக்கலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கோ குளிப்பதே மலையைப் புரட்டுகிற வேலை. எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. கசிவுக்கு இடுப்படித் தசைப் பயிற்சியே பலருக்கு நல்ல பலன் தரும்.

அடுத்து, அவருக்குத் தெரியாது என்பதை நம்புங்கள். ஒரே வாடைக்குள் இருப்பவரின் மூக்கு சில நிமிடங்களிலேயே அதற்குப் பழகிவிடும். "யாருதுமா இது" என்று அவர் கேட்டது நடிப்பில்லை. வேறு யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் என்றுதான் நினைத்திருக்கிறார். ஜாடையாகச் செய்வதில் உள்ள கொடுமையே இதுதான். ஒருநாள் அவருக்குப் புரியும். அன்று, முன்பே நடந்த ஒவ்வொரு சிரிப்பும் சேர்த்துப் புரியும்.

காசிமேடு பற்றிய அந்தப் பேச்சு என்னை மிகவும் வருத்தியது. வியர்வை வெளியே வரும்போது அதற்குப் பெரிதாக வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அந்த நாற்றம் பருத்தியைவிடப் பாலியஸ்டரில் அதிகம் தங்கும். இதில் ஊரும் கிடையாது, தெருவும் கிடையாது. வடசென்னையில் ஐந்து குடித்தனத்துக்கு ஒரு பாத்ரூம் இருக்கும் வீடுகளை உங்களுக்கே தெரியும். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்து, முறைக்குக் காத்திருந்து, குளித்து, சமைத்து, ஒன்பதரைக்குள் ஆபீஸ் வந்து சேரும் பெண்களைப் பற்றியா இந்தப் பேச்சு? அடுத்த முறை யாராவது சொன்னால், "நானும் அந்தப் பக்கம்தான், இப்படிப் பேசாதீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அக்காவிடம் காலையில் பேச வேண்டாம். நாள் முழுக்க அந்த வெட்கத்தோடு அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். சனிக்கிழமை சாயங்காலம் நல்லது. மறுநாள் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. எதிரெதிரே உட்காராமல், மண்ணடி மெட்ரோ வரைக்கும் கூட நடந்துகொண்டே பேசுங்கள். பக்கத்தில் நடப்பவரிடம் சொல்வது சுலபம், கேட்பவருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் இருக்கும்.

சுற்றி வளைக்காதீர்கள். "அக்கா, ஒண்ணு சொல்லணும், எனக்கே கஷ்டமா இருக்கு. கொஞ்ச நாளா உங்ககிட்ட ஒரு வாடை வருது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வேற யாராவது வேற மாதிரி சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்னு நெனச்சேன். உடம்புக்கு ஏதாவது பண்ணுதாக்கா? ரொம்ப சோர்வா இருக்கீங்க." இவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். சோப்பு, சென்ட், குளிக்கும் முறை எதையும் பேச வேண்டாம். அவர் உங்களைவிடப் பதினாலு வயது மூத்தவர், உங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். "எல்லாரும் பேசுறாங்களா?" என்று கேட்டால், "மத்தவங்களை விடுங்கக்கா, நான் என் அக்காகிட்ட பேசுறேன்" என்று சொல்லுங்கள்.

அவர் அழலாம். கோபத்தில் "உனக்கு அவ்வளவு ஆச்சா" என்று கேட்கலாம். இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவரை மோந்து பார்ப்பது போல நடந்துகொள்ளாமல், வழக்கம்போல ஒரு ஃபைலை எடுத்துப்போய்ச் சந்தேகம் கேளுங்கள்.

உடம்புத் தொந்தரவு என்று அவர் வாய் திறந்தால், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு லீவு போனால் போகட்டும். அவர் உங்களுக்காக மூன்று போட்டவர். மனசு சரியில்லை, தூக்கமில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். அரசாங்கத்தின் இலவசச் சேவை. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மேனேஜரிடம் இப்போது போக வேண்டாம். நீங்கள் பேசி, ஒரு மாதம் பொறுத்தும் மாற்றமில்லை என்றால் அப்போது தனியாகச் சொல்லலாம். அதையும் அக்காவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். ஆனால் ஜன்னல் விஷயத்தை நாளைக்கே கேளுங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. ஐந்து பேர் மூச்சுவிடும் அறையில் காலையிலும் மதியமும் கால் மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் எல்லோருக்கும் நல்லது. உங்கள் தலைவலியும் குமட்டலும் பொய்யில்லை. அது உடம்பின் இயல்பு, அதற்காக உங்களைக் கெட்டவளாக நினைக்க வேண்டாம். உங்கள் கணவர் உங்கள்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், ஆனால் விட்டுவிட்டால் அடுத்த பாட்டிலை வைக்கப்போவது வேறு யாரோ.

மன்னிப்பு பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சனிக்கிழமை வேண்டாம். அன்றைக்கு அதைச் சொன்னால், தன் வலியை விட்டுவிட்டு அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். பிறகொரு நாள், அவர் பழையபடி உங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும், சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். அந்த ஸ்ப்ரே பாட்டில் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறதென்றால், நாளைக் காலை அவர் வருவதற்கு முன்னால் நீங்களே போய் அதை எடுத்துவிடுங்கள். உங்கள் நாற்காலியையும் பழைய இடத்துக்கு இழுத்துப் போடுங்கள்.