ஆளுக்கு ஒரு கோடு, குழுவுக்கு ஒரு கோடு: கேள்வி பதில்

காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் வரைவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் ஜிஜிபிளாட்2 என்ற படம் வரையும் தொகுப்பை வைத்துத்தான் பேசப்போகிறேன். உதாரணத்துக்கு இரண்டு தரவுகள் போதும். ஒன்று, ஆரோடு சேர்ந்தே வரும் சிக்வெயிட்: நான்கு வகைத் தீவனம் தின்ற 50 கோழிக்குஞ்சுகளின் எடை, பிறந்த நாள் முதல் 21ஆம் நாள் வரை. இன்னொன்று, எல்எம்இ4 தொகுப்பில் இருக்கும் ஸ்லீப்ஸ்டடி: தூக்கம் குறைக்கப்பட்ட 18 பேரின் எதிர்வினை நேரம், ஆளுக்குப் பத்து நாள். கணினியில் ஆர் இருந்தால் போட்டுப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: அண்ணா, சிக்வெயிட் தரவை, கோடு போடும் ஜியோம் லைன் கொடுத்து வரைந்தேன். ஒரே கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் ஓடுகிறது. தரவில் கோளாறா?

பதில்: தரவில் கோளாறு இல்லை. எந்தப் புள்ளி எந்தக் குஞ்சுக்கு உரியது என்று மென்பொருளுக்கு நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரே நாளில் ஐம்பது குஞ்சுகளின் எடை இருக்கிறது. எல்லாம் ஒரே குஞ்சு என்று நினைத்து அது அத்தனை புள்ளிகளையும் செங்குத்தாக இணைத்துவிட்டு, அப்புறம் அடுத்த நாளுக்குப் போகிறது. குரூப் என்பதற்கு சிக் என்ற பத்தியைக் கொடுங்கள், ஐம்பது கோடுகள் பிரிந்து வந்துவிடும்.

ஆனால் அதை எங்கே கொடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். முதல் வரியிலேயே, எல்லா அடுக்குக்கும் பொதுவாகக் கொடுத்தால், பின்னால் ஸ்டாட் சம்மரி போட்டு சராசரி கேட்கும்போது அது குஞ்சுக்குக் குஞ்சு சராசரி எடுக்கும். ஒரு குஞ்சுக்கு ஒரு நாளில் ஒரே எடைதானே? அதன் சராசரியும் அதுவேதான். அதனால் பழைய கோட்டின் மேலேயே இன்னொரு முறை வரையும், சராசரிக் கோடு வரவே வராது. தனிக்கோடுகளுக்கான ஜியோம் லைனுக்குள் மட்டும் குரூப்பாக சிக்கைக் கொடுங்கள். சராசரி அடுக்கில் குரூப்பாக டயட் என்ற தீவனப் பத்தியைக் கொடுங்கள்.

கேள்வி: என் தரவில் ஆளுக்கு ஒரு வரிசை, வாரம்1, வாரம்2 என்று வாரம்12 வரை பத்திகள். இதை அப்படியே வரைய முடியாதா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அளவீட்டுக்கு ஒரு வரிசை என்ற நீள வடிவத்துக்கு மாற்ற வேண்டும். டைடிஆர் தொகுப்பின் பிவட் லாங்கர் அதற்குத்தான் இருக்கிறது. மாற்றியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்தித் தலைப்புகள் எழுத்தாகவே வந்திருக்கும், அதனால் வாரம்1க்கு அடுத்து வாரம்10, 11, 12 வந்து, அதற்கும் பிறகுதான் வாரம்2 வரும். 'வாரம்' என்ற முன்னொட்டை நீக்கி, மிச்சத்தை எண்ணாக மாற்றுங்கள். இரண்டையும் பிவட் லாங்கருக்குள்ளேயே செய்யலாம்.

கேள்வி: ஐயா, சராசரிக் கோடு ஒன்றே போதும், தனிக்கோடுகள் படத்தைக் குழப்புகின்றன என்கிறார் என் வழிகாட்டி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: முதல் படத்தில் தனிக்கோடுகள் இருந்தே ஆக வேண்டும் என்பேன். எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் மாறமாட்டேன்.

ஸ்லீப்ஸ்டடியின் சராசரியை வரையுங்கள். நாளுக்குச் சுமார் 10.5 மில்லி விநாடி வீதம் எதிர்வினை நேரம் சீராகக் கூடுகிறது. பார்க்க அழகான கோடு. இப்போது ஃபேசெட் ராப் போட்டு ஆளுக்கு ஒரு கட்டம் பிரியுங்கள். 308 என்ற எண்ணுள்ளவர் நாளுக்குச் சுமார் 22 மில்லி விநாடி வீதம் தாமதமாகிக்கொண்டே போகிறார். 335 என்ற எண்ணுள்ளவருக்கோ சாய்வு கீழ்நோக்கி, சுமார் மைனஸ் 3. தூக்கம் குறைந்தும் அவர் தளரவில்லை. சராசரிக் கோட்டில் இந்த இரண்டு பேருமே இல்லை. கட்டங்களை ஆளின் எண் வரிசையில் விடாமல், சாய்வின் வரிசையில் ரீஆர்டர் செய்து அடுக்குங்கள். தாங்குபவரிலிருந்து தளர்பவர் வரை வரிசையாகக் கண் போகும். இந்தத் தரவில் முதல் இரண்டு நாள் பழகுவதற்கானவை, தூக்கக் குறைப்பு தொடங்கியது 2ஆம் நாளுக்குப் பிறகுதான். அங்கே ஒரு புள்ளிக்கோடு செங்குத்தாகப் போட்டுவிட்டால் படிப்பவருக்கும் புரியும்.

சராசரி மறைப்பது வேறுபாட்டை மட்டுமல்ல, சில சமயம் வடிவத்தையே மாற்றிவிடும். எஃப்டிஏ என்ற ஆர் தொகுப்பில் குரோத் என்று ஒரு தரவு இருக்கிறது: 39 பையன்கள், 54 பெண் பிள்ளைகள், 1 வயது முதல் 18 வயது வரை உயரம். பதின்ம வயதில் ஒவ்வொரு பிள்ளையும் திடீரென்று வளர்கிறது. ஆனால் ஒருத்திக்கு அது பத்து வயதில், இன்னொருத்திக்குப் பதின்மூன்றில். எல்லோரையும் வயது வாரியாகச் சராசரி எடுத்தால் அந்தத் திடீர் வளர்ச்சி பரவிப்போய், எந்தப் பிள்ளையின் வளர்ச்சியையும் விட மந்தமான, அகலமான ஒரு மேடாகத் தெரியும். அப்படி வளர்ந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் வழிகாட்டியின் கவலையிலும் நியாயம் உண்டு. தனிக்கோடுகளை வெளிர் சாம்பலில் மெல்லியதாகப் போட்டு, மேலே சராசரியைத் தடித்த நிறத்தில் வரைந்து காட்டுங்கள். ஒப்புக்கொள்வார்.

கேள்வி: ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்தேன். பக்கத்தில் ஐம்பது பேரின் நிறப்பட்டியல் வந்து பாதிப் படத்தை அடைத்துக்கொண்டது.

பதில்: ஐம்பது நிறங்களை யாராலும் பிரித்தறிய முடியாது. நிறத்தைக் குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு குரூப் போதும். அப்புறம், சிக்வெயிட்டில் குஞ்சுகளின் வரிசை 18, 16, 15 என்று தொடங்குவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அந்தப் பத்தி வேண்டுமென்றே அப்படி வரிசைப்படுத்தப்பட்டது: ஒவ்வொரு தீவனத்துக்குள்ளும் கடைசி எடை குறைந்தது முதலில்.

கேள்வி: பாதியில் விலகிப்போனவர்களை என்ன செய்வது? கடைசி வாரத்தில் எங்கள் குழுச் சராசரி திடீரென நன்றாக ஏறுகிறது.

பதில்: அந்த ஏற்றத்தை உடனே நம்பிவிடாதீர்கள். சிக்வெயிட்டின் முதல் தீவனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தொடங்கும்போது 20 குஞ்சுகள், 21ஆம் நாளில் 16. குறைந்த நான்கும் எவை? 18ஆம் எண் குஞ்சு 2ஆம் நாளில் 35 கிராமோடு நின்றுவிட்டது. 16ஆம் எண் 12ஆம் நாளில் 54 கிராம். 15ஆம் எண் 14ஆம் நாளில் 68 கிராம். 8ஆம் எண் 20ஆம் நாள் வரை வந்து 125 கிராமோடு நின்றது. எல்லாமே அந்தந்த நாளில் எடை குறைவாக இருந்தவை.

இப்போது சராசரியைப் பாருங்கள். 20ஆம் நாளில் 17 குஞ்சுகளுக்கு 170.4 கிராம். 21ஆம் நாளில் 16 குஞ்சுகளுக்கு 177.75. ஒரே நாளில் 7 கிராமுக்கு மேல் ஏற்றம். ஆனால் இரண்டு நாளும் இருந்த அதே 16 குஞ்சுகளை மட்டும் எடுத்தால், 20ஆம் நாளில் அவற்றின் சராசரி ஏற்கெனவே 173.25. ஆகவே உண்மையான வளர்ச்சி 4.5 கிராம்தான். மீதி, ஒரு மெலிந்த குஞ்சு கணக்கிலிருந்து போனதால் வந்தது.

இதற்கு நான் மூன்று காரியம் செய்வேன். ஒவ்வொரு காலப்புள்ளியிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதை அச்சின் கீழே எழுதுவேன். விலகியவர்களின் கோடுகளை வேறு நிறத்தில் காட்டி, கடைசிப் புள்ளியில் ஒரு குறி வைப்பேன். கடைசிவரை இருந்தவர்களின் சராசரியைத் தனிப் படமாகவும் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

கேள்வி: நடுவில் ஒரு வாரம் அளவெடுக்கவில்லை. சிலருக்குக் கோடு அறுந்து போகிறது, சிலருக்குத் தொடர்ந்து போகிறது. ஏன் இப்படி?

பதில்: அந்த வாரத்துக்கு வரிசை இருந்து மதிப்பு மட்டும் விடுபட்டிருந்தால் கோடு அறும். வரிசையே இல்லாவிட்டால் முன்னும் பின்னும் இருக்கும் புள்ளிகளை நேராக இணைத்துவிடும். இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். அறுந்தே இருக்கட்டும் என்பது என் விருப்பம், அளக்காததை அளந்த மாதிரி காட்ட வேண்டாமே.

கேள்வி: அச்சை 300க்குள் அடக்க ஒய்லிம் கொடுத்தேன். சராசரிக் கோடே மாறிவிட்டது!

பதில்: ஒய்லிம் எல்லைக்கு வெளியே இருக்கும் தரவை நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்கும். கோஆர்ட் கார்ட்டீசியனுக்குள் எல்லையைக் கொடுங்கள், அது படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும், தரவைத் தொடாது. எச்சரிக்கைச் செய்தியில் எத்தனை வரிசைகள் நீக்கப்பட்டன என்று வந்திருக்கும், அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: இரண்டு காலப்புள்ளிகளின் பிழைப் பட்டைகள் (சராசரி எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டுபவை) ஒன்றோடொன்று மேலே விழுகின்றன. அப்படியானால் மாற்றமே இல்லையா?

பதில்: அப்படி முடிவு கட்ட முடியாது. சாதாரணப் பிழைப் பட்டையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் எப்போதுமே வேகம், இன்னொருவர் எப்போதுமே நிதானம் என்றால் பட்டை நீளமாகத்தான் வரும். ஆனால் இருவருமே தத்தம் அளவில் 20 கூடியிருக்கலாம். கேள்வி மாற்றத்தைப் பற்றியது என்றால், ஒவ்வொருவருக்கும் ஒரு காலப்புள்ளியின் மதிப்பிலிருந்து மற்றதைக் கழித்து, அந்த வித்தியாசத்தின் சராசரியை நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) வரையுங்கள். ஆளுக்குள் மட்டும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் பட்டைகளும் உண்டு, மோரி என்ற ஆய்வாளர் 2008இல் கொடுத்த திருத்தத்தோடு பயன்படுத்தலாம். இருந்தாலும் வித்தியாசத்தை நேரடியாக வரைவதே படிப்பவருக்கு எளிது.

போக்குக் கோடு வரையும் ஜியோம் ஸ்மூத் தரும் சாம்பல் பட்டையிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரே ஆளின் பத்து அளவீடுகளைப் பத்துத் தனி ஆட்களாக எண்ணித்தான் அது பட்டை போடுகிறது. போக்கைப் பார்க்க அந்தக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள், பட்டையை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கலப்பு மாதிரி (குழுவின் பொதுப் போக்கையும் ஒவ்வொருவரின் விலகலையும் சேர்த்துக் கணிப்பது) பொருத்திய பிறகு, ஒவ்வொருவருக்கும் வரும் கணிப்புக் கோடு அவரவர் புள்ளிகளில் சரியாக உட்காரவில்லை. தவறாகச் செய்துவிட்டேனா?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். மாதிரி ஒவ்வொருவரையும் கொஞ்சம் குழுவின் பக்கம் இழுக்கும். ஸ்லீப்ஸ்டடியில் 308 என்பவரின் சாய்வு, தனியாகப் பொருத்தினால் 21.8, மாதிரியில் 19.7. 335க்கு மைனஸ் 2.9 என்பது மைனஸ் 0.3 ஆகிறது. கீழே போகிறார் என்று சொல்லும் அளவுக்குப் பத்துப் புள்ளிகளில் ஆதாரம் இல்லை, அநேகமாக மாறாமல் இருக்கிறார் என்கிறது மாதிரி. ஒரே கட்டத்தில் புள்ளிகள், அவரவர் தனிக்கோடு, மாதிரிக் கோடு மூன்றையும் போட்டுப் பாருங்கள், இழுப்பு கண்ணுக்கே தெரியும். குழுக் கோடு வேண்டுமானால் பிரெடிக்ட் என்ற கணிப்புக் கட்டளையில் ஆர்இ ஃபார்ம் என்பதற்கு என்ஏ கொடுங்கள்.

கேள்வி: எங்களிடம் 4,000 பேர். வரைந்தால் ஒரே கருப்புத் திட்டு.

பதில்: 60 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்கள். வரிசைகளிலிருந்து எடுக்காமல் ஆட்களின் அடையாள எண்களிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு புள்ளிதான் மிஞ்சும். செட் சீட் போட்டுவிட்டால் நாளைக்கும் அதே 60 பேர் வருவார்கள். சராசரியை மட்டும் 4,000 பேரையும் வைத்துக் கணக்கிட்டு மேலே வரையுங்கள். குலுக்கலை நாலைந்து முறை மாற்றிப் போட்டுப் பாருங்கள், படம் சொல்லும் கதை ஒவ்வொரு முறையும் மாறினால் 60 போதாது, கூட்டுங்கள். அப்புறம், கோட்டின் தடிமனுக்கு சைஸ் என்று கொடுத்து எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். ஜிஜிபிளாட்2இன் 3.4.0 பதிப்பிலிருந்து அதன் பெயர் லைன்வித்.

கேள்வி: அக்கா ஒருவர் அளவெடுத்த நாட்களை 1, 2, 3 என்று வரிசை எண்ணாகப் போட்டாலே போதும் என்றார். சரியா?

பதில்: இடைவெளி எல்லாம் சமமாக இருந்தால் சரி. சிக்வெயிட்டில் இரண்டு நாளுக்கு ஒருமுறை எடை பார்த்துவிட்டு, கடைசியில் மட்டும் 20, 21 என்று அடுத்தடுத்த நாளில் பார்த்திருக்கிறார்கள். வரிசை எண் போட்டால் அந்த ஒரு நாளும் இரண்டு நாளின் அகலத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் எல்லாக் குஞ்சுகளின் வளர்ச்சியும் மட்டுப்பட்ட மாதிரி தெரியும். உண்மையான நாளையே கிடையச்சில் போடுங்கள்.