அகில் மரத்தை வெட்டினால் வாசனையே இல்லையே!

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் 60 அகில் மரம் வைத்து எட்டு வருஷம் ஆகிறது. ஒன்றை வெட்டிப் பார்த்தேன். கட்டை வெள்ளை, வாசனையும் இல்லை. நாற்றுக்காரர் ஏமாற்றிவிட்டாரா? மரத்துக்கு ஊசி போட இன்னொருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அரிவாளைக் கீழே வையுங்கள். வெள்ளையாக இருப்பதாலேயே அது போலி மரம் ஆகிவிடாது. நோயில்லாத அகில் அப்படித்தான் இருக்கும். சந்தனத்தில் வயதானால் வைரம், அதாவது மணக்கும் நடுக்கட்டை, தானாக ஏறும், அகிலில் ஏறாது. அஸ்ஸாமில் ஒரு புழு தண்டைத் துளைக்கும். அந்தப் புண்ணில் பூஞ்சணம் பிடித்தால், அதைத் தடுக்க மரம் பிசின் சுரக்கும். கட்டை கறுப்பதும் மணப்பதும் அந்தப் பிசினால்தான். எந்த மரத்துக்குள் இருக்கிறதென்று வெளியே தெரியாமல் காட்டில் வெட்டி வெட்டித்தான் இனமே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது.

ஊசி என்பது இதையே செயற்கையாகச் செய்வது. துளை போட்டுப் பூஞ்சணக் கரைசலை ஏற்றுவார்கள். பொய் வித்தை இல்லை. ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி பிடிக்காது. 60 மரத்துக்கும் முன்பணம் கேட்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் காட்டும் கறுப்புச் சில்லு எங்கே விளைந்ததோ! சாயம் ஏற்றிய சில்லும் சந்தையில் ஓடுகிறது. ‘நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பத்திரத்தின் மதிப்பைப் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்து ஏமாந்தவர்களிடம் கேளுங்கள். மூன்று மரத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்துத் துளையோரம் செதுக்கி, பழுப்பேறிய சிராயைக் கங்கில் போடுங்கள். மணந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அப்புறம், காகிதம். அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் அகில் 1995 முதல் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நட்டு வளர்த்த மரத்துக்கு விதி கொஞ்சம் இளகும். கொஞ்சம்தான்! ‘என் தோட்டத்து மரம், யார் கேட்பது’ என்று இருந்துவிடாதீர்கள். நட்டது நீங்கள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். நாற்று வாங்கிய பில், பட்டா, மரம் பதிவான அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) எல்லாம் கையில் இருக்கட்டும். அடங்கலில் அகிலை ஏற்ற ஒரு விவசாயியோடு நானே ஓர் அலுவலகத்தில் அரை நாள் நின்றேன். “அப்படி ஒரு மரம் லிஸ்ட்லயே இல்லீங்களே” என்று ‘இதர மரங்கள்’ என எழுதிக் கொடுத்தார்கள். மேடையில் மட்டும் மரம் நடச் சொல்வார்கள். நீங்கள் ‘அகில்’ என்று பேர் போட்டே மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டை துளிர்த்தால் கிள்ளாமல் விடுங்கள்.