நைட் க்ரீமை நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, மறுபடி பூசினால் அடங்குகிறது. தொடர்ந்து பூசலாமா?

பூச வேண்டாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டும் இருக்க வேண்டாம். அந்த டப்பாவையோ டியூபையோ கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

பார்லரில் கொடுத்தது, பேர் தெரியாது, எட்டு மாதமாகப் பூசுகிறேன், மூன்று நாள் விட்டால் எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் டாக்டர் இல்லை. எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். "படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: லேபிளே இல்லாத வெள்ளை டப்பாவில் எதைப் படிப்பது? மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு மாநிறம்தான், பரவாயில்லை" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் 'பரவாயில்லை' என்ற சொல்லோடு ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

2016 கடைசி. அருப்புக்கோட்டையில் நான் புருவம் திருத்தப் போகும் பார்லர் அக்கா ஒரு டப்பாவை நீட்டினார். 350 ரூபாய். "ராத்திரி மட்டும் போடும்மா, பதினஞ்சே நாள்ல தெரியும்" என்றார். தெரியத்தான் செய்தது. பக்கத்து வீட்டு அத்தை என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "என்னடி, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். 2017 பிப்ரவரியில் கல்யாணம். அப்புறமும் விட மனசு வரவில்லை. டப்பா தீர்ந்தபோது அக்கா, "மெடிக்கல்ல இந்த டியூபைக் கேளு, அதேதான்" என்று ஒரு பேரை எழுதிக் கொடுத்தார். 15 கிராம் டியூப். உள்ளே மூன்று மருந்துகள்: ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டாசோன். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. மங்குக்கு டாக்டர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கிற மருந்து அது. நான் இரண்டு வருஷத்துக்கு மேல் ஸ்னோ மாதிரிப் பூசினேன்.

2019-இல் குழந்தை உண்டானது தெரிந்ததும் நிறுத்தினேன். நான்காம் நாள் காலையில் முகம் மிளகாய் அரைத்து அப்பியது போல் இருந்தது. அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை. தோசைக்கல் சூடு முகத்தில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். தாடை ஓரமெல்லாம் சீழ்க் கொப்புளம். கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக இரத்தக் குழாய் தெரிந்தது. "உண்டானா உடம்பு சூடுதான், வெந்தயம் ஊறப் போட்டுக் குடி" என்றார் மாமியார். குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும், "பூசுறதையெல்லாம் பையில கொண்டு வந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். டியூபைத் திருப்பிக் காட்டி விளக்கினார். ஸ்டீராய்டு தோலிலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் வெளுத்துத் தெரியும். கூடவே தோலை மெலிய வைக்கும். நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் விரிந்துகொள்ளும். அதுதான் அந்தச் சிவப்பும் எரிச்சலும். மறுபடி பூசினால் மறுபடி சுருங்கும், குணமான மாதிரி இருக்கும். முகத்தோல் மருந்தை வாங்கிக்கொள்கிற அளவும் வேறு: முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றி சுமார் 6 மடங்கு, தாடை ஓரம் சுமார் 13 மடங்கு உறிஞ்சும். எனக்குக் கொப்புளம் தாடையில் அதிகமாக இருந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. கீழே சண்டைக்கு வர வேண்டாம். என் தம்பிக்குக் காலில் எக்ஸிமா வந்தபோது இதே வகை மருந்துதான் இரண்டு வாரத்தில் குணமாக்கியது. டாக்டர் எழுதினார், எத்தனை நாள் பூச வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். எனக்கு அந்த இரண்டுமே இல்லை. 2018-இல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் நான் வாங்கிய கடையில் ஒரு நாளும் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. "ரெண்டா, மூணாக்கா?" என்று மட்டும் கேட்பார்கள்.

தேற எனக்கு 14 மாதம் ஆனது. வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், டாக்டரம்மா தந்த ஓரிரு மருந்து. வேறொன்றும் கிடையாது. கடலை மாவு, எலுமிச்சை, கஸ்தூரி மஞ்சள் என்று இங்கே நிறையப் பேர் எழுதுவார்கள். மெலிந்துபோன தோலில் எலுமிச்சை பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. என் கல்யாண ஆல்பத்தில் எல்லோரையும் வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அம்மா, சித்தி, அப்பா, எல்லோர் முகமும் ஒரே சுண்ணாம்பு நிறம். அப்பா வெயிலில் நின்று கட்டட மேஸ்திரி வேலை பார்த்தவர், நல்ல கறுப்பு. 2020-இல் தவறிவிட்டார். அவர் என் கையைப் பிடித்துக் கொடுக்கிற படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது, அதில் இருக்கிற முகம் அவருடையது இல்லை. ஸ்டூடியோவில் போய் அசல் படத்தைக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டோம் என்றார்கள். "நல்லாத்தானேக்கா பண்ணிக் கொடுத்தோம்?" என்று அந்தப் பையன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இந்த வருஷம் கல்யாணம் என்றால் முன்கூட்டியே ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி வையுங்கள், முகத்தில் கை வைக்கக் கூடாது, திருத்தாத படங்களும் வேண்டும் என்று.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுடையது பேர் இல்லாத டப்பா என்பதால் ஸ்டீராய்டுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாதரசமாகவும் இருக்கலாம். 2023-இல் கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியாக வந்தது, பாதரசத்தால். சிறுநீர் நுரைத்துப் போகிறதா, காலையில் கண் இமையோ காலோ வீங்குகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் தோல் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை எழுதித் தருவார். டப்பாவைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காலியாகியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டு போங்கள்.