படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம்: பழி குடியிருப்பவர் மீதா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் தனியார் வீடொன்றில் மூன்று ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையின் வெளிச்சுவர் எங்கும் கரும்பூஞ்சணம். மகளுக்கு ஆஸ்துமா கூடிவிட்டது. "உள்ளே துணி காயப்போடுகிறீர்கள், ஓயாமல் சமைக்கிறீர்கள்" என்று வீட்டுக்காரர் எங்களையே குறை சொல்கிறார். வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், வாடகை பாக்கி உங்களை வெளியேற்றுவதற்கான காரணத்தை அவர் கையில் கொடுத்துவிடும்.

அவர் சொல்லும் பழி எனக்குக் கோபமூட்டுகிறது. சமைப்பதும் குளிப்பதும் துணி உலர்த்துவதும் தவிர்க்க முடியாதவை. அவற்றுக்காகக் குடியிருப்பவரைக் குற்றம் சாட்டக் கூடாது என்று அரசின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. 2018ஆம் ஆண்டின் வசிப்பிடத் தகுதிச் சட்டப்படி, வாடகை வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஈரம் இல்லாதிருப்பதும் அந்தத் தகுதியில் அடங்கும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும். குடியிருப்பவர் வீட்டைப் பொறுப்பின்றிப் பயன்படுத்தியதால் வந்த கேடு என்றால்தான் அவர் தப்பலாம். ஆகவே சன்னலைத் திறந்து வையுங்கள். காற்று வெளியேற்றும் விசிறி வேலை செய்யாவிட்டால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இதுவரை வாயால் மட்டுமே சொல்லியிருந்தால், இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். சுவரைத் துடைப்பதற்கு முன் தேதி தெரியும்படி படமெடுங்கள். துடைக்கும்போது மகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். பூஞ்சணத்தால் அவளுடைய மூச்சுக் கோளாறு கூடுகிறது என்று குடும்ப மருத்துவர் கருதினால், அதைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரர் மேலே பெயின்ட் அடித்து முடித்துவிட்டால் ஏற்காதீர்கள். கசிவோ சுவரின் குளிர்ச்சியோ தீராதவரை பூஞ்சணம் திரும்ப வரும்.

பதில் வராவிட்டால் உங்கள் பகுதிக்கான உள்ளாட்சி அமைப்பான நியூஹாம் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அழையுங்கள். அதிகாரிகள் வீட்டைச் சோதித்து, ஆபத்து கடுமையானது என்று கண்டால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். நீங்களும் நீதிமன்றத்தில் பழுதுநீக்க உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம்.

ராச்டேலில் 2020இல் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்து இறந்த இரண்டு வயது அவாப் இஷாக்கின் பெயரால் வந்த விதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வீட்டுக்காரர் சரிசெய்யக் காலக்கெடு விதிக்கும் அந்த விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன; அவை கவுன்சில்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்கானவை. தனியார் வாடகை வீடுகளுக்கும் அவற்றை விரிவாக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன உரிமைகள் இப்போதே உங்களுடையவை. வருமானம் குறைவு என்றால், உடல்நலத்துக்குக் கடும் ஆபத்துள்ள வீட்டைப் பழுதுபார்க்க வைக்கும் வழக்குக்கு அரசின் சட்ட உதவி கிடைக்கக்கூடும். ஆனால் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அது பொருந்தாது.