இரைப்பை அகற்றப்பட்ட அம்மா சாப்பிட மறுப்பது பற்றி

வணக்கம். புற்றுநோய்க்காக இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டு வீடு திரும்பிய உங்கள் அம்மா நாலு வாய்க்கு மேல் உண்ண மறுப்பதாகவும், சத்துக்கென்று கொடுத்த வெல்லக் கஞ்சியைக் குடித்ததும் வியர்த்துப் படபடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரை வற்புறுத்தாதீர்கள், அது பிடிவாதமன்று.

உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடுவதால், உணவைத் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுக அனுப்ப இடமின்றி, இனிப்பான நீர்த்த உணவு ஒரேயடியாகக் குடலில் இறங்கி அந்தப் படபடப்பையும், சிலருக்கு வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகிறது. ஆகவே வெல்லம், சர்க்கரை, பழச்சாறு ஆகியவற்றைக் குறைத்து, குழைய வேகவைத்த பருப்புச் சாதம், முட்டை, முள் நீக்கிய மீன் போன்றவற்றை நாளொன்றுக்கு 6 முதல் 8 வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மாவுக்கு ஒரு வேளை என்பது ஒரே ஒரு இட்லிதான். அதையும் நன்றாக மென்று விழுங்க அரைமணி நேரம் ஆகும். தண்ணீரை உணவோடு கொடுக்காமல், அரைமணி நேரம் கழித்துக் கொடுங்கள். இரவில் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும்.

இரைப்பை இல்லாதவர்களுக்கு உணவிலுள்ள வைட்டமின் பி12 உடலில் சரியாகச் சேராது என்பதால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஊசி தேவைப்படும். மருத்துவமனைச் சீட்டில் அது இல்லையென்றால் அடுத்த முறை அவசியம் கேளுங்கள். காய்ச்சல், தொடர் வாந்தி, விழுங்கும்போது அடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அறுவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று: அவர் உண்ணும்போது எல்லோரும் சூழ்ந்து நின்று தட்டையே பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் உடன் அமர்ந்து சாப்பிடுங்கள்.