கல்லூரி வாசலில்: பெங்களூரு வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் மதுரையிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தபோது என் மகன் எட்டாம் வகுப்பில் சேர்ந்தான். இப்போது இரண்டாம் ஆண்டு பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கிறான். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி. எழுதினாலும் அவனுக்கு அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் எங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?
– ஒரு தந்தை, ஒயிட்ஃபீல்டு

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். கர்நாடகத் தேர்வுகள் ஆணையத்தின் விதிப்படி, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் குறைந்தது 7 கல்வியாண்டுகள் கர்நாடகப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும்; அதோடு பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ இந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றிருக்கவும் வேண்டும். தங்கள் மகனுக்கு இரண்டாவது நிபந்தனை பொருந்துகிறது; முதலாவதில் 5 ஆண்டுகள்தான் தேறுகின்றன. ஆதார் அட்டையில் பெங்களூரு முகவரி இருப்பதோ, தாங்கள் இங்கே வீடு வாங்கியிருப்பதோ இந்தக் கணக்கில் சேராது. பாதுகாப்புப் படையினரின் பிள்ளைகள் போன்றோருக்குத் தனிப் பிரிவுகள் உண்டு என்பதால், ஆணையத்தின் தகவல் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இதனால் வழி அடைபட்டுவிட்டதாக மனம் தளர வேண்டாம். இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சமயத்தில் முயல வேண்டும். முதலாவது காமெட்கே. தனியார் கல்லூரிகளில் உள்ள இடங்களுக்கான இந்த நுழைவுத் தேர்வை வெளிமாநிலத்தவரும் எழுதலாம். 3 மணி நேரத்தில் 180 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடையளிக்காமல் விட்டு வரக் கூடாது. கட்டணம் மட்டும் அரசு ஒதுக்கீட்டு இடத்தைவிட மிகவும் கூடுதலாக இருக்கும். நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விருப்பப் பட்டியலை நிரப்ப வேண்டும்.

இரண்டாவது வழியைப் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களின் பிள்ளைகள் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும், பிறப்பிடச் சான்றிதழ், அதாவது நேட்டிவிட்டி, பெற்றிருந்தால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்கள் சமன்படுத்தப்பட்ட பிறகே தரவரிசை வருகிறது. கிண்டி, கோவை, சேலம் ஆகிய ஊர்களின் கல்லூரிகள் மட்டுமல்லாமல், பெங்களூருக்கு அருகிலேயே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியும் இந்தக் கலந்தாய்வில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கர்நாடக ஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அது செல்லும். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பப் பதிவு மே மாதத் தொடக்கத்திலேயே திறக்கப்படுகிறது. பிறப்பிடச் சான்றிதழுக்கு வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், பொதுத் தேர்வுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இதில் மாணவனுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பி.யு.சி. பொதுத் தேர்வு மதிப்பெண் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் முழுப் பங்கும், கர்நாடக சி.இ.டி. தரவரிசையில் பாதிப் பங்கும் வகிக்கிறது. காமெட்கே தரவரிசையில் அதற்கு இடமே இல்லை. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டு பொதுத் தேர்வை அலட்சியப்படுத்தும் பிள்ளைகள், தங்களைப் போன்ற குடும்பங்களில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் நல்ல கல்லூரி ஒன்றைத் தாங்களாகவே இழக்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு நகரின் பழைய கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸும், ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடைக்கும்போல் தெரிகிறது. உறவினர் அனைவரும் கம்ப்யூட்டர் சயின்ஸைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், இந்திராநகர்

பதில்: மகளுக்கு இயற்பியலில், குறிப்பாக மின்சுற்றுகளில், உண்மையான நாட்டம் இருக்குமானால் பழைய கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்த நாட்டம் அறவே இல்லையென்றால் வேண்டாம். பிடிக்காத பாடத்தை நான்கு ஆண்டுகள் சுமப்பது எவ்வளவு பெரிய கல்லூரியிலும் துன்பமே. உறவினர்கள் பாடப்பிரிவின் பெயரைப் பார்க்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்தத் துறையில் யார் பாடம் நடத்துகிறார்கள், எத்தனை பேர் நிரந்தர ஆசிரியர்கள், ஆய்வுக்கூடம் வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது என்பவற்றை.

இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. ஒரு பாடப்பிரிவில் இவ்வளவு இடங்களுக்கு மேல் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வைத்திருந்த உச்சவரம்பு 2024-25 கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைப் பெருக்கிக்கொண்ட கல்லூரிகள் உண்டு. இடங்களைப் பெருக்குவது எளிது. அந்த வேகத்தில் நல்ல ஆசிரியர்களைக் கொண்டுவருவது எளிதன்று. ஆகவே அந்தப் புதிய கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இடங்கள் கூடியபோது ஆசிரியர்களும் கணினி ஆய்வுக்கூடங்களும் எவ்வளவு கூடின என்பதுதான். கல்லூரிகள் தங்கள் ஆசிரியர் பட்டியலை இணையதளத்தில் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்பதால், துறையின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொருவரின் தகுதியையும் சேர்ந்த ஆண்டையும் தாங்களே பார்க்கலாம். பெரும்பாலோர் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களாக இருந்தால் நான் தயங்குவேன்.

தரச் சான்றுகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. நம் நாகர்பாவியில் தலைமையகம் வைத்திருக்கும் நாக் அமைப்பு முழுக் கல்லூரிக்கும் தரநிலை வழங்குகிறது, என்.பி.ஏ. தனித்தனிப் பாடப்பிரிவுக்கு அங்கீகாரம் தருகிறது. கல்லூரி வாசலில் ‘ஏ பிளஸ்’ என்று பெரிய பலகை இருந்தாலும், தங்கள் மகள் சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இப்போது நடைமுறையில் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கும்போது மிக உயர்ந்த சம்பளத்தைக் கேட்காதீர்கள். அது ஒரே ஒரு மாணவருடையது. அந்தப் பிரிவில் கடந்த ஆண்டு எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசையில் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

இவையெல்லாவற்றையும்விட நான் நம்புவது நேரில் போய்ப் பார்ப்பதை. சேர்க்கைக்காக அலங்கரித்து வைத்திருக்கும் நாளில் அல்ல, சாதாரண வேலை நாளில், மதிய உணவுக்குப் பின் இரண்டு மணி வாக்கில் இரு கல்லூரிகளுக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். வகுப்புகள் நடக்கின்றனவா, நூலகத்தில் யாராவது அமர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் கிடைக்காத பதில்கள் அங்கே பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

விருப்பங்களை நிரப்பும்போது உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் எழுதுங்கள். கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. இடம் ஒதுக்கிய பிறகு, அதை ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டே அடுத்த சுற்றில் மேலானதற்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, முற்றிலும் விலகுவது என்று நான்கு வாய்ப்புகள் தரப்படும். மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர் கையில் இருந்த இடத்தை இழக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்திவிடக் கூடாது.

கேள்வி: நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறேன். மகன் அரசு பி.யு. கல்லூரியில் காமர்ஸ் முடித்திருக்கிறான். சி.ஏ. ஆக வேண்டும் என்கிறான். ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். பாடத்தோடு சி.ஏ. பயிற்சியும் தருவதாகச் சொல்லி, எங்களால் தாங்க முடியாத தொகை கேட்கிறார்கள். அரசுக் கல்லூரியில் சேர்த்தால் அவன் எதிர்காலம் கெட்டுவிடுமா?
– ஒரு தாய், ஸ்ரீராமபுரம்

பதில்: கெடாது அம்மா. கடன் வாங்காதீர்கள். சி.ஏ. தேர்வை நடத்துவதும் பட்டம் தருவதும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம்தான். எந்தக் கல்லூரியும் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் அந்த நிறுவனத்திலேயே நேரடியாகப் பதிவு செய்து ஃபவுண்டேஷன் தேர்வை எழுதலாம். நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். அது கைகூடாவிட்டாலும், பி.காம். படிப்பில் 55 சதவீதம் பெற்றால் ஃபவுண்டேஷன் எழுதாமலேயே இன்டர்மீடியட் நிலைக்குப் போகலாம். அதனால் தங்கள் மகனுக்குத் தேவை, கட்டணம் குறைவாகவும் வீட்டுக்கு அருகிலும் இருந்து, படிக்க நேரம் மிச்சமாகும் ஒரு கல்லூரி. ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள அரசு ராம்நாராயண் செல்லாராம் வணிகவியல் கல்லூரியை முதலில் போய்ப் பாருங்கள். கர்நாடக அரசு 2024-25 முதல் மீண்டும் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குத் திரும்பிவிட்டதால், பி.காம். மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். மாநில அரசின் எஸ்.எஸ்.பி. இணையதளத்தில் கல்வி உதவித்தொகைக்கு ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அவன் ஆங்கிலத்துக்குப் பயப்படக்கூடும். கணக்கியலிலும் சட்டப் பாடங்களிலும் வரும் சொற்கள் ஒரு வரையறைக்குள் அடங்குபவை. நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கில வணிகச் செய்தியைப் படித்து, அதன் பொருளைத் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் பார்த்தால் ஓராண்டில் அந்தப் பயம் குறைந்துவிடும். வீட்டில் இடமில்லையென்றால் கப்பன் பூங்காவிலுள்ள மாநில மைய நூலகத்தில் அமர்ந்து படிக்கலாம்.

கேள்வி: ஒரு நல்ல கல்லூரியில் மேலாண்மை ஒதுக்கீட்டு இடம் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பானஸ்வாடி

பதில்: கொடுக்க வேண்டாம். நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் கர்நாடகத்தில் 1984ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மேலாண்மை இடம் வேண்டுமானால் கல்லூரி அலுவலகத்துக்கு நேரே போய், கல்லூரியின் வங்கிக் கணக்கில் கட்டி, ரசீது வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்த பின் திருப்பித் தர வேண்டும் என்பதும், குறித்த நாளுக்குள் விலகுபவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் வெளியிட்ட அறிவிப்பில் உள்ளவை.

கேள்வி: திருவண்ணாமலையிலிருந்து வந்து பெங்களூரில் வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழக) கல்லூரி ஒன்றில் முதலாண்டு பொறியியல் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். முதல் செமஸ்டரில் கணிதம் உட்பட இரண்டு பாடங்களில் பேக்லாக் விழுந்துவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பொறியியல் ஒத்துவராதோ என்று தோன்றுகிறது.
– ஒரு மாணவர், பி.ஜி. விடுதி, யலஹங்கா

பதில்: தம்பி, முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். மறைப்பதற்குச் செலவாகும் மனவலிமை படிப்பதற்குத் தேவைப்படுகிறது.

இரண்டு பாடங்களில் தவறியதை வைத்துப் பொறியியல் ஒத்துவராது என்று முடிவு கட்ட முடியாது. பள்ளியில் ஒரே புத்தகத்தை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தீர்கள். ஆசிரியர்களே மாதிரித் தேர்வுகள் வைத்துத் தயார் செய்தார்கள். இங்கே சில மாதங்களில் ஒரு பாடம் முடிந்துவிடுகிறது. தயார் செய்ய யாரும் வருவதில்லை. பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்தான் இந்த மாற்றத்தைத் தாமதமாக உணர்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பார்த்திருக்கிறேன்.

வி.டி.யு. முறையில் ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 50 அகமதிப்பீடு. அதில் குறைந்தது 20 இல்லாவிட்டால் செமஸ்டர் தேர்வையே எழுத முடியாது. 85 சதவீத வருகையும் வேண்டும். ஆகவே பாதி முடிவு தேர்வுக்கு முன்பே, சிறு தேர்வுகளிலும் அசைன்மென்ட்களிலும் எழுதப்பட்டுவிடுகிறது. மீதி 50க்கான செமஸ்டர் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடந்து பாதியாகக் கணக்கிடப்படுகிறது. அந்த வினாத்தாளில் ஐந்து மாட்யூல்கள், அதாவது பாடப் பகுதிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழுக் கேள்வி, 20 மதிப்பெண். கடினமாக இருக்கிறதென்று ஒரு மாட்யூலை விட்டுவிடும் மாணவர் 80 மதிப்பெண்ணுக்குத்தான் எழுதுகிறார். அந்த எண்பதிலும் ஒரு கணக்கு தடுமாறினால் நிலைமை என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனவே ஐந்திலும் அடிப்படைக் கணக்குகளையாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

கணிதத்துக்கு ஒரே வழி எழுதிப் பார்ப்பதுதான். வகுப்பில் ஆசிரியர் போட்ட கணக்கை அன்று மாலையே, நோட்டை மூடி வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். எந்த வரியில் நிற்கிறீர்களோ அந்த வரியைக் குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரின் அறைக்குப் போய்க் கேளுங்கள். ‘ஒன்றும் புரியவில்லை’ என்று வரும் மாணவருக்கு உதவுவது கடினம்; ‘இந்த வரி எப்படி வந்தது’ என்று கேட்பவருக்கு எந்த ஆசிரியரும் நேரம் ஒதுக்குவார். காணொளிகளைப் பார்க்கும்போது புரிந்ததுபோல் தோன்றும். பேனாவை எடுத்தால்தான் புரிந்ததா என்று தெரியும்.

தமிழ் நண்பர்கள் இருப்பது நல்லதுதான். அவர்களோடு மட்டுமே இருந்துவிடாதீர்கள். கன்னடம் தெரியாத மாணவர்களுக்காகப் பாடத்திட்டத்திலேயே ‘பளகெ கன்னட’ என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு மதிப்பெண் சடங்காக நினைக்காமல் மனம் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூட உதவியாளரிடமும், பேருந்திலும், நாளை இன்டர்ன்ஷிப் போகும் இடத்திலும் அது உங்களுக்குத் துணை நிற்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தவறிய இரண்டு விடைத்தாள்களின் நகலுக்கும் பல்கலைக்கழகம் அறிவித்திருக்கும் கடைசி நாளுக்குள் விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் பாட ஆசிரியரோடு அமர்ந்து, எங்கெங்கே மதிப்பெண் போயிருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். திருத்தியதில் பிழை தெரிந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால், அடுத்த முறை எந்த மாட்யூலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.